கால்களை எண்ணுங்கள்: வரியன்கள் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளை இனம் பிரித்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாம்பூச்சி பார்க்கத் தொடங்கிய முதல் வருடத்தில் வெந்தய வரியன் என்று பெயர் எழுதி நான் சேமித்து வைத்த படங்களில் 2 படங்கள் வெந்தய வரியனே இல்லை. அதே வெந்தய நிறம், முன்சிறகின் நுனியில் அதே கருப்பு, அதன் குறுக்கே அதே வெள்ளைப் பட்டை. பின்சிறகை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவில் 3 கரும்புள்ளிகள் இருக்கும், ஆணென்றால் 4. என் படத்தில் இருந்த பூச்சிக்கோ, பின்சிறகின் மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளிதான். அது டனாய்ட் எக்ஃப்ளை என்கிற பட்டாம்பூச்சியின் பெண். எருக்கஞ்செடியைத் தின்று வளர்ந்த வெந்தய வரியனின் உடம்பில் நஞ்சு இருக்கிறது, பறவைகள் அதைத் தொடுவதில்லை. எக்ஃப்ளையின் புழு தின்பதோ நாம் கடைந்து சாப்பிடுகிற பருப்புக்கீரை. உடம்பில் நஞ்சு இல்லாத அந்தப் பெண், வெந்தய வரியனின் சட்டையைப் போட்டுக்கொண்டு உயிர் பிழைக்கிறாள். அவளுடைய ஆணைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கருஞ்சிறகில் பெரிய வெள்ளை வட்டங்கள், அவற்றைச் சுற்றி ஊதாப் பளபளப்பு.

அன்றிலிருந்து நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியும் போகிறது: முதலில் கால், பிறகு சிறகின் அமைப்பும் பழக்கமும், பிறகு புழுவும் அது தின்னும் செடியும், எல்லாம் முடிந்த பிறகு நிறமும் புள்ளியும்.

யார் இந்த வரியன்கள்

அறிவியலில் நிம்ஃபாலிடே என்று பெயர். தமிழ்ப் பட்டியல்களில் வரியன்கள் என்று வழங்குகிறது. உலகம் முழுக்க சுமார் 6,000 இனங்கள், பட்டாம்பூச்சிக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது. பெயர் வரியன்கள் என்றாலும் எல்லாவற்றுக்கும் வரி இருக்காது. வசீகரன்களுக்குக் கண் புள்ளிகள், கருப்பன்களுக்கு வெண்புள்ளிகள், வயலோரப் பழுப்பன்களுக்குச் சருகு நிறம். இத்தனையையும் ஒரே குடும்பமாகக் கட்டுவது அவற்றின் முன்னங்கால்.

முதல் படி: கால்களை எண்ணுங்கள்

பூச்சி என்றால் 6 கால் என்று பள்ளியில் படித்திருப்போம். வரியன்களுக்கும் 6 கால்தான், ஆனால் நிற்பதும் நடப்பதும் 4 காலில். முன்னங்கால்கள் இரண்டும் குறுகி, மார்போடு மடிந்து, தலைக்குக் கீழே கழுத்துத் துண்டு போலக் கிடக்கும். ஆணுக்கு அவற்றில் அடர்த்தியாக மயிர் முளைத்து, வண்ணம் தீட்டும் தூரிகை போலவே இருக்கும். தூரிகைக்கால் பட்டாம்பூச்சி என்ற பெயர் அதனால் வந்தது.

இதைப் பார்க்க மேலிருந்து படம் எடுத்துப் பயனில்லை. பூவில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மட்டத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் எடுங்கள். கைப்பேசி போதும். பிறகு படத்தைப் பெரிதாக்கி, பூவைப் பிடித்திருக்கும் கால்களை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு 2 என்றால் பெரும்பாலும் வரியன். 3 என்றால் அழகிகள், வெள்ளையன்கள், நீலன்கள், துள்ளிகள் என்ற மற்றக் குடும்பங்களில் தேடுங்கள்.

இந்தச் சின்ன வேலை எவ்வளவு குழப்பத்தைத் தீர்க்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அரளிச் செடியைச் சுற்றித் திரியும் வெண்புள்ளிக் கருப்பனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காமன் குரோ என்பார்கள். காமன் மைம் என்று ஒரு பட்டாம்பூச்சி அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும், மெதுவாகப் பறக்கும் தோரணை வரைக்கும். ஆனால் அது அழகிகள் குடும்பம். நிறத்தை வைத்துப் புத்தகத்தைப் புரட்டினால் அரை மணி நேரம் போகும். காலை எண்ணினால் அது 6 காலில் நிற்பது தெரிந்துவிடும்.

விதிவிலக்குகள் இரண்டு உண்டு. பீக் எனப்படும் நீள்மூக்குப் பட்டாம்பூச்சிகள் வரியன்கள்தான், ஆனால் அவற்றின் பெண்ணுக்கு முன்னங்கால் குறுகாமல் முழுதாக இருக்கும். மலைக்காட்டு நிழலில் திரியும் ஜூடிகள் ரியோடினிடே என்ற வேறு குடும்பம், அவற்றின் ஆணுக்கு முன்னங்கால் குறுகியிருக்கும். ஜூடியை அதன் நடத்தை காட்டிக்கொடுத்துவிடும். சிறகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, இலை மேல் தத்தித் தத்தித் திரும்பிக்கொண்டே இருக்கும்.

நடப்பதற்கு உதவாவிட்டாலும் முன்னங்கால் வீணான உறுப்பு அல்ல. முட்டையிட இடம் தேடும் ஒரு பெண் வெந்தய வரியனைக் கொஞ்ச நேரம் பின்தொடர்ந்து பாருங்கள். இலையில் இறங்கியதும் முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். சுவை அறியும் நுண்ணிய மயிர்கள் அங்கே இருக்கின்றன. தன் குஞ்சு தின்னக்கூடிய இலைதானா என்று காலால் ருசி பார்க்கிறது. தவறான செடி என்றால் அடுத்த நொடியே கிளம்பிவிடும். சரியான செடி என்றால் அடிவயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும்.

இரண்டாம் படி: குடும்பத்துக்குள் கிளைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வகைப்பாட்டின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பழைய புத்தகமும் புதிய பட்டியலும் ஏன் முரண்படுகின்றன என்று புரியும். 1758ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் எல்லாப் பட்டாம்பூச்சிகளையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் அடைத்து, உள்ளே சில கூட்டங்களாகப் பிரித்தார். அதில் ஒரு கூட்டத்தின் பெயர் நிம்ஃபாலிஸ். 1815ல் ராஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் அதிலிருந்து நிம்ஃபாலிடே என்ற குடும்பப் பெயரை உண்டாக்கினார். பிறகு வந்தவர்கள் வெந்தய வரியன் வகைகளுக்கு டனாய்டே, பழுப்பன்களுக்கு சாட்டிரிடே, கோஸ்டர் என்ற பட்டாம்பூச்சிகளுக்கு அக்ரேயிடே என்று தனித்தனிக் குடும்பங்கள் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் புத்தகங்களில் அப்படித்தான் பார்ப்பீர்கள். புழு, கூட்டுப்புழு, சிறகு நரம்பு, கடைசியாக மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது இவை தனித்தனிக் குடும்பங்கள் அல்ல, ஒரே வீட்டுப் பங்காளிகள் என்று உறுதியானது. இன்று அவை எல்லாம் நிம்ஃபாலிடேயின் துணைக்குடும்பங்கள்.

இப்போது பரவலாக ஏற்கப்படும் துணைக்குடும்பங்கள் 12. உறவுமுறையில் இவை 5 கிளைகளாக நிற்கின்றன. முதலில் பிரிந்து போனது லிபிதினே, அதாவது நீள்மூக்குகள். அவற்றின் பெண்ணுக்கு மட்டும் பழைய முழு முன்னங்கால் மிஞ்சியிருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்துப் பிரிந்தது டானைனே, புலிகளும் (ஆங்கிலத்தில் டைகர் எனப்படும் வெந்தய வரியன், நீல வரியன் போன்றவை) கருப்பன்களும். மூன்றாவது கிளையில் சாட்டிரினே, சரக்சினே, கலினாகினே. நான்காவதில் ஹெலிகோனினே, லிமெனிடிடினே. ஐந்தாவதில் நிம்ஃபாலினே, பிப்ளிடினே, அபட்யூரினே, சிரெஸ்டினே, சூடெர்கோலினே. இவற்றில் கலினாகினேயும் சூடெர்கோலினேயும் இந்தியாவில் இமயமலை, வடகிழக்குப் பக்கம் உள்ளவை. மீதி 10 துணைக்குடும்பங்களையும் தென்னிந்தியாவிலேயே பார்க்கலாம். இந்த 12 பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஊரில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி டானைனே, சாட்டிரினே, நிம்ஃபாலினே, ஹெலிகோனினே, லிமெனிடிடினே என்ற 5க்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: துணைக்குடும்பத்தைப் பிடியுங்கள்

*டானைனே.* அவசரமே இல்லாமல் மிதந்து பறக்கும். நஞ்சு இருக்கிற தைரியம். தலையிலும் மார்பிலும் கருப்பின் மேல் வெள்ளைப் பொட்டுகள் தெளிவாகத் தெரியும். பின்சிறகின் நடுவே நரம்புகள் சூழ்ந்த ஓர் அறை உண்டு, இந்தத் துணைக்குடும்பத்தில் அந்த அறை முழுதாக மூடியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படத்தில் இது நன்றாகத் தெரியும். வெந்தய வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் இங்கேதான். மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் வெள்ளைக் காகிதம் மிதப்பது போல வரும் மலபார் ட்ரீ நிம்ஃபும் இதே கூட்டம், வேறெங்கும் இல்லாதது.

ஆண்களுக்கு ஒரு விசேஷப் பழக்கம் உண்டு. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளின் காய்ந்த தண்டிலும் விதையிலும் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். அங்கே பூவே இருக்காது. அந்தச் செடிகளின் ஆல்கலாய்டுகளை எடுத்து, பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரித்துக்கொள்கின்றன. தோட்டத்தில் ஒரு கிலுகிலுப்பைச் செடி நட்டால் டானைனேக்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். பருவமழைக்கு முன்னால் கிழக்குத்தொடர்ச்சி மலைக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இடையே ஆயிரக்கணக்கில் சாலையைக் கடந்து போகும் கூட்டங்களிலும் பெரும்பான்மை நீல வரியன்களும் கருப்பன்களும்தான்.

*சாட்டிரினே.* மங்கலான பழுப்பு, சிறகின் விளிம்போரம் வளையக் கண்கள், தரையை ஒட்டிய துள்ளல் பறப்பு. முன்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு நரம்பு ஊதிப் பருத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அறை இவற்றிலும் மூடியிருக்கும். புழுக்கள் புல், மூங்கில், நெல், பனை வகைகளைத் தின்னும். அந்திக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் சருகு போல ஒட்டிக்கொள்ளும் பட்டாம்பூச்சி வீட்டில் வந்திருந்தால் அது பெரும்பாலும் ஈவினிங் பிரவுன், அதன் புழு நெல்லையும் தின்னும். தென்னந்தோப்பில் திரியும் பாம்ஃப்ளையும் சாட்டிரினேதான். அதன் பெண் ஆரஞ்சு நிறத்தில் கருநரம்புகளோடு, டானைனேயைச் சேர்ந்த காமன் டைகரைப் போல நடிக்கும். ஆனால் தென்னையை, பாக்கு மரத்தை விட்டு அதிக தூரம் போகாது.

*நிம்ஃபாலினே.* வெறுந்தரையில், வெயிலில், சிறகை விரித்து உட்காருவது வசீகரன்கள். எலுமிச்சை வசீகரன், மயில் வசீகரன், நீல வசீகரன், மஞ்சள் வசீகரன், சாம்பல் வசீகரன், சாக்லேட் வசீகரன் என்று 6 வசீகரன்களும் தமிழ்நாட்டில் உண்டு. துரத்திவிட்டால் ஒரு வட்டம் அடித்து அதே இடத்துக்கு வரும், அதனால் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பூச்சி இல்லை. எக்ஃப்ளைகள், உலகம் முழுக்கச் சுற்றும் பெயின்டட் லேடி, சிறகை மூடினால் காம்போடு காய்ந்த இலையாகிவிடும் புளூ ஓக்லீஃப் எல்லாம் இதே துணைக்குடும்பம்.

*ஹெலிகோனினே.* பெரும்பாலும் ஆரஞ்சு. நீளச் சிறகோடு சோம்பலாகப் பறக்கும் டானி கோஸ்டர் சிறுபூனைக்காலிக் கொடி உள்ள வேலியோரம் எல்லாம் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த இந்தப் பூச்சி தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி 2012ல் ஆஸ்திரேலியாவின் வடக்கு முனைக்கே போய்ச் சேர்ந்தது. 2019ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் ஹெலிகோனினேதான். மலைக்காட்டுப் பாதைகளில் கூட்டமாக வரும். நீரடிமுத்து மரத்து இலையில் அதன் புழு வளர்கிறது. நிறத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதையும் புலிகளோடு சேர்த்துவிடுவார்கள். மார்பில் வெண்பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள், மறவனுக்கு இருக்காது.

*லிமெனிடிடினே.* சிறகை 2 தட்டு தட்டி, பிறகு விரித்தபடி சறுக்கும் பறப்பு. கருப்பில் வெள்ளைப் பட்டைகளோடு வரும் செய்லர், செம்பழுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட கமாண்டர், மாந்தோப்பில் பழம் உறிஞ்சும் பேரன் (ஆங்கிலத்தில் Baron).

மற்ற 5 துணைக்குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தடித்த உடம்பு, அம்பு போன்ற வேகம், அழுகின பழத்திலும் சாணத்திலும் இறங்கும் பழக்கம் என்றால் சரக்சினே, அதாவது ராஜாக்களும் நவாப்களும். கருப்பு ராஜாவின் புழு புளிய மரத்தில் வளரும். ஆமணக்குச் செடியைச் சுற்றும் செங்காவி நிற ஆமணக்குச் சிறகன் பிப்ளிடினே. வெள்ளைச் சிறகில் வரைபடக் கோடுகள் போட்ட காமன் மேப் சிரெஸ்டினே. மலையோரத்தில் பிளாக் பிரின்ஸ் அபட்யூரினே. தலையிலிருந்து முன்னால் நீண்ட மூக்கு போல உதட்டுணர்வுறுப்பு நீட்டிக்கொண்டிருந்தால் லிபிதினே.

நான்காம் படி: புழுவையும் செடியையும் கேளுங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிறகு பொய் சொல்லும், புழு அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

டானைனே புழுவுக்கு உடம்பின் மேல் மென்மையான சதை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஜோடி ஜோடியாக எண்ணுங்கள்: நீல வரியனுக்கு 2 ஜோடி, வெந்தய வரியனுக்கு 3, வெண்புள்ளிக் கருப்பனுக்கு 4. சாட்டிரினே புழு வழவழப்பான பச்சை, வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், பலவற்றுக்குத் தலையில் 2 கொம்பு. சரக்சினே புழுவின் தலையில் 4 கொம்புகள், பார்த்தால் சிறிய யாளி முகம். நிம்ஃபாலினே, ஹெலிகோனினே புழுக்களுக்கு உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்கள். மயிர்க்கொட்டி என்று பயந்து நசுக்காதீர்கள்.

ஒரு மாமர இலையைத் திருப்பிப் பார்த்து நான் அசந்து நின்றது பேரன் புழுவால்தான். இலையின் நடுநரம்பின் மேல் அதே நீளவாக்கில் படுத்திருக்கும். முதுகில் வெளிறிய மஞ்சள் கோடு, அது நடுநரம்போடு பொருந்தி ஒரே கோடாகிவிடும். இரண்டு பக்கமும் பறவை இறகு போல விரிந்த பச்சை முட்கள் இலையோடு ஒட்டிப் படுத்து, உடம்பின் நிழலே விழாமல் செய்துவிடும். விரல் அகலத்தில் இருந்தும் அது அங்கே இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நிமிடம் ஆனது. இலையின் ஓரம் கடிபட்டிருந்ததால்தான் தேடவே தோன்றியது. நீங்களும் கடிபட்ட இலையில் இருந்து தொடங்குங்கள்.

கூட்டுப்புழுவும் சாட்சி சொல்லும். அழகிகளும் வெள்ளையன்களும் இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்திருக்கும். வரியன்களுக்கு அந்த இடுப்புக் கயிறு கிடையாது, வால் நுனியைக் கோர்த்துத் தலைகீழாகத் தொங்கும். அரளி இலைக்கு அடியில் வெள்ளிக் குண்டு மணி போல மின்னிக்கொண்டு தொங்குவது வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு. அதில் உங்கள் முகமே தெரியும்.

உங்கள் சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரு புழுவை வளர்த்துப் பாருங்கள். மூடியில் துளையிட்ட டப்பா, அடியில் காகிதம், தினமும் அதே செடியின் புது இலை, தினமும் சுத்தம். வேறு செடி இலையைப் போட்டால் தின்னாமல் செத்துவிடும். சிறகு விரிக்க உயரம் வேண்டும், அதனால் கூட்டுப்புழு ஆனதும் டப்பாவை மாற்றுங்கள். வெளிவந்த பூச்சியைச் சிறகு காய்ந்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். வீட்டுத் தோட்டத்துப் பொதுவான இனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருந்து எதையும் எடுக்க வேண்டாம், பல இனங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

ஐந்தாம் படி: இப்போது நிறத்தையும் புள்ளியையும் பாருங்கள்

துணைக்குடும்பம் தெரிந்த பிறகு இனத்தைக் கண்டுபிடிப்பது எளிது, ஒரு எச்சரிக்கையோடு. மாதத்தைக் கணக்கில் எடுங்கள். மயில் வசீகரன் மழைக்காலத்தில் சிறகின் அடியில் பெரிய கண்களோடும் வழவழப்பான விளிம்போடும் வரும். கோடையில் அதே இனம் கண் இல்லாமல், கூரான முனைகளோடு, காய்ந்த இலை போல வரும். லின்னேயஸே 1758ல் இந்த இரண்டு வடிவங்களையும் வேறு வேறு இனம் என்று நினைத்து இரண்டு பெயர் வைத்தார். ஈவினிங் பிரவுனும் புஷ் பிரவுன்களும் இப்படித்தான் மாறும். புழுவாக இருந்த காலத்து வெப்பமும் ஈரமும் சிறகில் எழுதிவிட்டுப் போகின்றன.

அதனால் மேல்புறம், அடிப்புறம் இரண்டுக்கும் படம் வேண்டும். ஒரே பக்கம்தான் கிடைத்தது என்றால் அடிப்புறத்தை எடுங்கள், வரியன்களில் பெரும்பாலான அடையாளங்கள் அங்கேதான்.

ஆறாம் படி: குறித்து வையுங்கள்

தேதி, நேரம், இடம், உயரம், உட்கார்ந்திருந்த செடி, செய்துகொண்டிருந்த வேலை. தேன் குடித்ததா, ஈரமண்ணை உறிஞ்சியதா, முட்டையிட்டதா என்பதை எழுதுங்கள். முட்டையிட்டதைப் பார்த்திருந்தால் அந்தச் செடியையும் தனியாகப் படம் எடுங்கள், அந்த ஒரு படம் பத்துப் பூச்சிப் படங்களுக்குச் சமம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்வார்கள்.

இனம் தெரியவில்லை என்றால் தெரிந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். "சாட்டிரினே, புஷ் பிரவுன் பேரினம்" என்று எழுதுவது முழுமையான, நேர்மையான பதிவு. ஊகித்துப் போட்ட இனப் பெயர் அந்தப் பட்டியலை நம்பி வரும் அடுத்தவரையும் தவறான பக்கம் கொண்டுபோகும். என் பழைய படங்கள் இரண்டையும் இப்போது பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். அவை எடுத்த வரப்பில் பருப்புக்கீரை படர்ந்திருந்தது என்று அன்றைய குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருந்தேன், அது எதற்கு உதவும் என்று அன்று தெரியாமலேயே.